மருந்தின் அளவும் மனிதனின் அமானிதமும்

சென்ற ஆண்டு கோடையில் ஒரு நாள். பள்ளிப்பட்டில் சுபுஹுத் தொழுகை நடந்து கொண்டிருந்தது. முதல் ரக்அத்தின் இரண்டாவது ஸஜ்தாவை முடித்துத் தக்பீர் கூறி எழுந்து நின்றோம். ஓதத் தொடங்கும் முன் நமக்குப் பின்னால் ‘தொப்’பென்று ஒரு சப்தம் கேட்டது. ஸலாம் கொடுத்துத் திரும்பிப் பார்த்தால், முதல் ஸஃப்பில் என்றும் தவறாமல் நிற்கும் பெரியவர் ஒருவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். முகமெல்லாம் வியர்வை. “ஒண்ணுமில்ல ஹஜ்ரத், எழுந்ததும் கண்ணு இருட்டிடுச்சு” என்றார்.

அறுபத்தெட்டு வயது. நாற்பது ஆண்டுகள் விசைத்தறியின் இரைச்சலுக்கு நடுவே நின்றே உழைத்த உடம்பு. பத்தாண்டுகளாக இரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிட்டு வருபவர். இவையெல்லாம் நமக்குத் தெரிந்திருந்தும் அன்று நாம் என்ன செய்தோம்? ஒரு குவளைத் தண்ணீரில் ஓதி ஊதிக் கொடுத்தோம். “கண்ணேறாக இருக்கும், ஸதகா கொடுங்கள்” என்று சொல்லி அனுப்பி விட்டோம். ஓதிப் பார்ப்பதும் ஸதகா கொடுப்பதும் நல்லவையே. ஆனால் “என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள், எவ்வளவு சாப்பிடுகிறீர்கள்?” என்று ஒரு வார்த்தை கேட்க நமக்குத் தோன்றவில்லை. இந்தக் கட்டுரை அந்த ஒரு வார்த்தையைப் பற்றியதுதான்.

இரண்டு ஒன்றானது

அடுத்த வாரம், கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் வேலை செய்யும் அவருடைய மகன் விடுமுறையில் வந்தார். தந்தையை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். அங்கிருந்த டாக்டரம்மா அவரைப் படுக்க வைத்து ஒருமுறையும், எழுந்து நிற்க வைத்து மூன்று நிமிடத்துக்குள் ஒருமுறையும் அழுத்தத்தை அளந்தார்கள். படுத்திருந்தபோது மேல் அளவு 134, நின்றபோது 108. எழுந்து நின்றதும் மேல் அளவு இருபதோ அதற்கு மேலோ இறங்குமானால் மூளைக்குப் போகும் இரத்தம் அந்நேரத்தில் குறையும், கண் இருளும், ஆள் விழுந்து விடலாம். முதுமையில் விழுந்து தொடை எலும்பு முறிந்தவர்கள் படும் பாட்டை நாம் அறிவோம்.

இத்தனை ஆண்டுகளாக ஒத்துக் கொண்ட மருந்து இப்போது ஏன் மிகுதியாயிற்று? டாக்டரம்மா விசாரித்த பிறகுதான் விவரம் வெளியே வந்தது. பெரியவரின் அண்ணன் பக்கவாதத்தில் மௌத்தானதிலிருந்து இவர் ஊறுகாயையும் கருவாட்டையும் விட்டிருக்கிறார். காலையில் கொசஸ்தலை ஆற்றுப் பக்கம் போய் நடந்து வருகிறார். உடல் எடை ஏழெட்டுக் கிலோ இறங்கியிருக்கிறது. அதனுடன் கோடை வேறு. நம் திருத்தணிப் பக்கத்து வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. வானிலைச் செய்தியில் நூறு டிகிரியைத் தாண்டிய ஊர்களின் வரிசையில் திருத்தணியின் பெயர் இல்லாத கோடையே அரிது. வெப்பத்தில் இரத்தக் குழாய்கள் விரிகின்றன. வியர்வையில் நீரும் உப்பும் வெளியேறுகின்றன. அழுத்தம் தானாகவே சற்று இறங்குகிறது. உடம்பு மாறி விட்டது. மாத்திரையின் அளவோ பழைய உடம்புக்கு எழுதியதாகவே இருந்தது.

அம்லோடிப்பின் ஐந்து மில்லிகிராம் மாத்திரை இரண்டு போட்டு வந்தவருக்கு, இனி ஒன்று போதும் என்று எழுதிக் கொடுத்தார்கள். இரண்டு வாரம் கழித்து வந்து காட்டும்படியும் சொன்னார்கள்.

நற்செய்தி அல்லவா? அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிச் சந்தோஷப்பட வேண்டிய விஷயம். ஆனால் பெரியவர் சந்தோஷப்படவில்லை. பயந்தார். அண்ணனின் கோணிய வாயும் அசையாத கையும் அவர் கண்ணை விட்டு அகலவில்லை. “ஒண்ணு போதும்னு சொல்றாங்க. போதலைன்னா யார் ஜவாப்?” என்று நினைத்தவர், வீட்டாருக்குத் தெரியாமல் பழைய அட்டையிலிருந்து இரண்டாவது மாத்திரையையும் போட்டுக் கொண்டே வந்தார். பத்தாம் நாள், ஒளூச் செய்துவிட்டு எழுந்தவர் மீண்டும் விழுந்தார். இம்முறை நெற்றியில் தையல்.

இன்னொருவர்

இதற்கு நேர்மாறாக இன்னொருவரும் நம் மஹல்லாவில் இருந்தார். ஐம்பது வயதிருக்கும். நகரி வழியாக ஆந்திரப் பக்கம் லாரி ஓட்டியவர். அவருக்கும் இரத்தக் கொதிப்பு உண்டு. பெரியவருக்கு மாத்திரையைக் குறைத்து விட்டார்கள் என்ற செய்தி கேட்டு, “அவருக்கே குறைச்சிட்டாங்க, எனக்கு எதுக்கு?” என்று அவர் தம் மாத்திரையை அடியோடு நிறுத்தினார். வீட்டில் அவர் மனைவி கேட்டபோது அவர் சொன்ன பதில் இதுதான்: “நம்ம ஹஜ்ரத்தே சொன்னாங்களே, மாத்திரையை நம்பாதீங்க, அல்லாஹ்வை நம்புங்கன்னு!”

ஆம். நாம் சொன்னதுதான். ஒரு ஜும்ஆ பயானில், மருந்துக் கடையின் வாசலே கதியென்று கிடப்பவர்களைக் கண்டிக்கும் வேகத்தில் அந்த வார்த்தையைச் சொன்னோம். சொல்லும்போது அது அழகாக இருந்தது, கூட்டம் தலையசைத்தது. மூன்று மாதம் கழித்து ஒரு விடியற்காலையில் அவருடைய வலக்கை விழுந்தது, பேச்சும் குழறியது. திருத்தணிக்குக் கொண்டு போய், அங்கிருந்து சென்னைக்குக் கொண்டு போனார்கள். உயிர் தங்கியது. ஸ்டியரிங் பிடித்த கை இன்றுவரை முழுமையாகத் திரும்பவில்லை.

ஒருவர் குறைத்ததை ஏற்க மறுத்தார். மற்றவர் குறைக்காததையே நிறுத்திக் கொண்டார். இருவரும் தொழுகையாளிகள், இருவரும் ஈமான் உள்ளவர்கள். இவர்கள் இருவருக்கும் நாம் சொல்லிக் கொடுக்கத் தவறிய பாடம் எது?

அளவும் மருந்தே

தம் சகோதரரின் வயிற்றுக் கோளாறைப் பற்றி ஒருவர் கண்மணி நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து முறையிட்ட நிகழ்ச்சி புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருக்கிறது. தேன் கொடுக்கும்படி சொன்னார்கள். கொடுத்தும் குணமாகவில்லை என்று வந்தார். மீண்டும் கொடுக்கச் சொன்னார்கள். இவ்வாறு பலமுறை வந்த பிறகே குணமானது. இந்த ஹதீஸை நாம் தேனின் மகிமைக்காகவே ஓதிக் காட்டுகிறோம். ஆனால் ஹிஜ்ரி 751ல் மறைந்த பேரறிஞர் இப்னுல் கையிம் (ரஹ்) அவர்கள் தம்முடைய ‘ஸாதுல் மஆத்’ நூலில் இதற்குத் தரும் விளக்கம் வேறொரு வாசலைத் திறக்கிறது. மருந்துக்கு, நோயின் நிலைக்கேற்ற ஓர் அளவு உண்டு. அந்த அளவுக்குக் குறைந்தால் நோய் முழுமையாக நீங்காது. அளவை மீறினால் அது உடலின் வலிமையையே குலைத்து வேறொரு தீங்கை உண்டாக்கும் என்பது அவர்கள் தரும் விளக்கத்தின் கருத்து. நோயாளியின் வலிமையையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்கிறார்கள். ஏறக்குறைய 700 ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்டது இது!

எனவே மருந்து என்பது பொருள் மட்டுமன்று; பொருளும் அளவும் சேர்ந்ததே மருந்து. பெரியவர் கையிலிருந்த இரண்டாவது மாத்திரை கடையில் வாங்கியபோது மருந்தாகத்தான் இருந்தது. டாக்டரம்மா ‘ஒன்று போதும்’ என்று எழுதிய நாளிலிருந்து, அவருடைய உடம்பைப் பொறுத்தவரை, அது மருந்து என்ற தகுதியை இழந்து விட்டது. லாரி ஓட்டிய சகோதரருக்கோ அவர் நிறுத்திய மாத்திரை, நிறுத்திய நாளிலும் மருந்தாகவே இருந்தது. ஒருவருடைய அளவு இன்னொருவருக்கு அத்தாட்சி ஆகாது.

மாத்திரையை இகழலாமா?

இரத்தக் கொதிப்புக்கு நல்ல மருந்து கிடைத்து ஒரு நூற்றாண்டு கூட ஆகவில்லை. 1945ல் அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் மூளை இரத்தக் கசிவால் இறந்தபோது, உலகின் பெரிய வல்லரசின் தலைவருக்கே இந்நோய்க்கு உருப்படியான மருந்து கிடையாது. நம் நாட்டு மருத்துவர்கள் சர்ப்பகந்தா வேரைக் கையாண்டு வந்தார்கள். ஹகீம் அஜ்மல் கான் அவர்களின் ஊக்கத்தால் டில்லியில் ஆராய்ச்சியில் இறங்கிய சலீமுஸ்ஸமான் சித்தீக்கி என்ற விஞ்ஞானி, 1931ல் அந்த வேரிலிருந்து ஒரு சத்தைப் பிரித்தெடுத்து, ஹகீம் ஸாஹிபின் நினைவாக அதற்கு ‘அஜ்மலின்’ என்று பெயரிட்டார். 1949ல் பம்பாயைச் சேர்ந்த டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல், அந்த வேர் இரத்தக் கொதிப்பைத் தணிப்பதைப் பற்றிப் பிரிட்டிஷ் இதயவியல் இதழில் எழுத, உலகம் திரும்பிப் பார்த்தது. அதன் பிறகே ஒவ்வொரு மருந்தாக வந்தது.

இன்று அந்த மருந்து ஏழையின் வீட்டு வாசலுக்கே வருகிறது. 1994ல் தமிழக அரசு அமைத்த மருந்துக் கொள்முதல் கழகம் மொத்தமாக வாங்குவதால் விலை குறைந்தது. 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், பிரஷருக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையை வீடு தேடிக் கொண்டு வந்து தருகிறார்கள். முதுமையைத் தவிர எல்லா நோய்க்கும் மருந்தை அல்லாஹ் இறக்கியிருக்கிறான், ஆகவே வைத்தியம் செய்து கொள்ளுங்கள் என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் கிராமத்து அரபிகளுக்குச் சொன்ன மறுமொழி நமக்குத் தெரியும். இறக்கியவனை நம்புகிறவன் இறக்கியதை இகழலாமா? ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும்படி போதிக்கப்பட்ட சமுதாயம் நாம். அன்று பயானில் நாம் ஒட்டகத்தின் கயிற்றையே அவிழ்த்து விட்டோம்!

மருத்துவம் அறியாமல் வைத்தியம் பார்ப்பவர், அதனால் நேரும் கேட்டுக்குப் பொறுப்பாளி என்ற ஹதீஸ் அபூதாவூதில் உள்ளது. மதரஸாவில் நாம் அதை ஓதியபோது போலி வைத்தியர்களை நினைத்துக் கொண்டோம். மிம்பரில் நின்று ஒரு நோயாளியின் மாத்திரையைக் குறித்துத் தீர்ப்புச் சொல்பவரும் அதில் அடங்குவார் என்பதை, அந்தச் சகோதரரின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான் உணர்ந்தோம். மருந்துக்கு அளவு இருப்பதுபோல் வார்த்தைக்கும் அளவு இருக்கிறது.

அச்சமும் ஆதரவும்

முஃமினின் உள்ளம் அச்சத்துக்கும் ஆதரவுக்கும் நடுவே இருக்க வேண்டும் என்று நம் பெரியார்கள் போதிப்பார்கள். அல்லாஹ்வின் தண்டனையை அஞ்சாதவன் துணிந்து கெடுகிறான்; அவன் ரஹ்மத்தை ஆதரவு வைக்காதவன் நிராசையில் கெடுகிறான். மாத்திரை குறைந்த வீட்டிலும் இந்த இரண்டு படுகுழிகளே காத்திருக்கின்றன.

அச்சம் மிகுந்தவர் என்ன செய்கிறார்? வீட்டில் அளக்கும் கருவியை வாங்கி வைத்துக் கொண்டு நாளைக்கு எட்டுத் தடவை அளக்கிறார். எண் கொஞ்சம் கூடினால் நெஞ்சு படபடக்கிறது. படபடப்பில் எண் இன்னும் கூடுகிறது. உடனே இன்னொரு முறை அளக்கிறார். ஒளூவில் சந்தேகப்பட்டு, கை கழுவியது போதவில்லை, கால் கழுவியது போதவில்லை என்று ஜமாஅத் முடியும்வரை குழாயடியிலேயே நிற்பவரைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? வஸ்வாஸ் என்பது அதுதான். அவருக்கு மார்க்கம் தரும் மருந்தே இவருக்கும்: சொல்லிய எண்ணிக்கையைச் செய், அதற்கு மேல் செய்யாதே.

இங்கே ஓர் உண்மையை அறிந்து கொள்வது மனத்துக்கு ஆறுதல் தரும். அம்லோடிப்பின் மெதுவாக வேலை செய்து மெதுவாக வெளியேறும் மருந்து. ஒரு வேளை மாத்திரையில் பாதி உடம்பிலிருந்து நீங்கவே 30 முதல் 50 மணி நேரம் ஆகிறது. வயதானவர்களுக்கு இன்னும் கூடுதலாகும். ஆகவே அளவைக் குறைத்தால், புதிய அளவில் உடம்பு நிலைகொள்ள ஒரு வாரத்துக்கு மேல் பிடிக்கும். முதல் நாள் எண் நன்றாக இருக்கிறதென்று குதிக்கவும் காரணமில்லை. மூன்றாம் நாள் ஐந்து புள்ளி ஏறியதென்று கலங்கவும் காரணமில்லை. இரண்டு வாரம் கழித்து வரச் சொல்வதற்குக் காரணம் இதுதான். அந்த இரண்டு வாரமும் ஸப்ருக்குரிய காலம்.

அளப்பதற்கும் ஓர் அதபு உண்டு. அளப்பதற்கு அரை மணி முன்பு டீ, காப்பி, பீடி கூடாது. முதுகைச் சாய்த்து, காலைத் தரையில் ஊன்றி, ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். கை நெஞ்சின் மட்டத்தில் இருக்க வேண்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்து, இரண்டையும் தேதியோடு நோட்டில் எழுத வேண்டும். காலையில் மாத்திரைக்கு முன்பும் மாலையிலும் போதும். பிறகு நோட்டை மூடிவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். ஆனால் மேல் அளவு 180க்கு ஏறி, அல்லது எந்த எண்ணாக இருந்தாலும், வாய் கோணுவதோ, கை கால் மரப்பதோ, பேச்சுக் குழறுவதோ, நெஞ்சு வலிப்பதோ கண்டால், மறுமுறை அளந்து பார்த்துக் கொண்டிருக்க வேண்டாம். 108க்குச் சொல்லி மருத்துவமனைக்குப் புறப்படுங்கள்.

துணிச்சல் மிகுந்தவரின் கதை வேறு. ‘குறைத்து விட்டார்கள்’ என்பது அவர் காதில் ‘குணமாகி விட்டது’ என்று விழுகிறது. ஷவ்வால் பிறை கண்டதும் பள்ளிவாசலை மறப்பவர்போல, மாத்திரை குறைந்ததும் ஊறுகாய் ஜாடியைத் திறக்கிறார், நடையை நிறுத்துகிறார். அடுத்த கட்டமாகத் தாமே முழுவதையும் நிறுத்துகிறார். அட்டினோலால், குளோனிடின் போன்ற சில மருந்துகளைத் திடீரென்று நிறுத்தினால் இதயமும் இரத்த அழுத்தமும் சீறி எழும் ஆபத்து உண்டு. எதை எப்படிப் படிப்படியாகக் குறைப்பது என்பதை எழுதிக் கொடுத்தவரே சொல்ல வேண்டும்.

மாத்திரை சுமந்த சுமை

இப்போது நம் கேள்விக்கு வருவோம். இரண்டு மாத்திரை சுமந்து வந்த சுமையை ஒரு மாத்திரையிடம் கொடுத்தால், மீதிச் சுமையை யார் சுமப்பது?

அந்த மனிதர்தான் சுமக்க வேண்டும். டாக்டர் அளவைக் குறைத்தபோது அவருடைய பொறுப்பைக் குறைக்கவில்லை. மாத்திரையிடமிருந்து வாங்கி அவர் கையில் கொடுத்தார். ‘நீ உப்பைக் குறைத்தாய், நடந்தாய், இளைத்தாய்; உன்னை நம்பி இதைத் தருகிறேன்’ என்பதே அந்தச் சீட்டின் பொருள். நம்பி ஒப்படைக்கப்படுவதற்கு நம் மொழியில் அமானிதம் என்று பெயர். உன் உடலுக்கும் உன்மீது உரிமை உண்டு என்று ஸல்மான் ஃபார்ஸி (ரலி) அவர்கள் அபுத்தர்தா (ரலி) அவர்களுக்கு உணர்த்தியதை, நாயகம் (ஸல்) அவர்கள் உண்மையென ஆமோதித்தார்கள். அந்த உரிமையைச் செலுத்தும் வேலையில் ஒரு பங்கை இதுவரை மாத்திரை செய்து வந்தது.

இது வெறும் உபதேசமன்று என்பதற்கு ஆராய்ச்சிகளே சாட்சி. அமெரிக்காவில் 60 முதல் 80 வயது வரையிலான 975 பேரை வைத்து நடத்திய ஆய்வு 1998ல் வெளியாயிற்று. முதலில் உப்பையோ எடையையோ குறைக்கச் செய்து, பிறகு மாத்திரையை நிறுத்திப் பார்த்தார்கள். வழக்கப்படி இருந்தவர்களைக் காட்டிலும், உப்பையும் எடையையும் குறைத்தவர்களில் கூடுதலானோர் மாத்திரையின்றித் தாக்குப் பிடித்தனர். இங்கிலாந்தில் நடந்து 2020ல் வெளியான ஆய்வில், 80 வயதும் அதற்கு மேலும் ஆன 569 பேரில் பாதிப் பேருக்கு, டாக்டரின் மேற்பார்வையில் ஒரு மருந்தை நீக்கிப் பார்த்தார்கள். 12 வாரம் கழித்து, மேல் அளவு 150க்குள் இருந்தவர்கள் குறைத்தவர்களில் நூற்றுக்கு 86 பேர். குறைக்காதவர்களில் 88 பேர். ஆகக் கண்காணிப்போடு குறைப்பது பலருக்குக் கூடுவதே.

வீட்டுப் பெண்மணிகள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஐந்து கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், உப்பு இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆறு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் 900 கிராம். உங்கள் வீட்டில் மாதம் எத்தனை பாக்கெட் உப்புத் தீர்கிறது? அந்த 900 கிராமுக்குள் அப்பளமும் ஊறுகாயும் கருவாடும் கடை மிக்சரும் அடக்கம் என்பதை மறந்து விடாதீர்கள். இந்தியாவில் பெரியவர்களில் நூற்றுக்கு 35 பேருக்கு மேல் இரத்தக் கொதிப்பு உள்ளது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023ல் வெளியான ஆய்வு கூறுகிறது. ஆகையால் இது ஒருவருக்காக மட்டும் செய்யும் சிக்கனமன்று. வாப்பாவுக்கென்று தனியாக உப்பில்லாக் குழம்பு வைத்து அவரை ஒதுக்கி வைப்பதைவிட, சட்டியிலேயே உப்பைக் குறைப்பது மேல். சில வாரங்களில் நாக்குப் பழகிவிடும்.

மூட்டு வலிக்கென்று மெடிக்கல் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக், ஐபுப்ரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் அழுத்தத்தை ஏற்றக் கூடியவை. தறியில் நின்று முழங்கால் தேய்ந்தவர்கள் அதிகமுள்ள நம் பகுதியில் இதைச் சொல்லியே ஆக வேண்டும். மாத்திரை குறைந்த பிறகு வீட்டில் மிஞ்சும் பழைய அட்டைகளையும் கவனியுங்கள். “பக்கத்து வீட்டு ஆப்பாவுக்கும் பிரஷர்தானே” என்று எடுத்துக் கொடுப்பது ஸதகா ஆகாது. அதை மருத்துவமனை மருந்தாளுநரிடம் காட்டிக் கேளுங்கள்.

தொழுகையும் நோன்பும்

தலைசுற்றல் உள்ளவர் ஸஜ்தாவிலிருந்து நேரே எழுந்து நிற்க அஞ்சுகிறார்; உட்கார்ந்து தொழவோ வெட்கப்படுகிறார். அவருக்கு மார்க்கம் இடம் வைத்தே இருக்கிறது. இரண்டாவது ஸஜ்தாவுக்குப் பின் சற்று அமர்ந்து எழும் ‘ஜல்ஸத்துல் இஸ்திராஹா’ ஷாஃபிஈ மத்ஹபில் ஸுன்னத். ஹனஃபி மத்ஹபில் அமராமல் எழுவதே ஸுன்னத் என்றாலும், நாயகம் (ஸல்) அவர்கள் அமர்ந்து எழுந்ததற்கு முதுமையையே ஹனஃபி இமாம்கள் காரணமாகக் கூறுகிறார்கள். தேவையுள்ளவர் அவ்வாறு அமரலாம். எந்த மத்ஹபைப் பின்பற்றினாலும், முதியவருக்கு அந்தச் சிறிய அமர்வு கிடைக்கிறது! நிற்கவே முடியாவிட்டால் உட்கார்ந்து தொழும்படி இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்குச் சொல்லப்பட்டது. தஹஜ்ஜுதுக்கு விழிப்பவர் படுக்கையின் ஓரத்தில் ஒரு நிமிடம் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்து, பிறகு எழட்டும். இமாம்களாகிய நாமும் பின்னால் நிற்கும் முதியவர்களை நினைத்து நிதானமாக எழ வேண்டும்.

ரமளானுக்கு முன்பே டாக்டரைப் பார்த்து விடுவதும் அவசியம். நாளுக்கு ஒரு வேளை மாத்திரையை ஸஹரிலா இஃப்தாரிலா சாப்பிடுவது, நீர் பிரியும் மாத்திரை இருந்தால் அதை என்ன செய்வது என்பதைக் கேட்டுத் தெரிந்து கொண்டு நோன்பில் நுழையுங்கள். நோன்பு நாளில் தாமாகவே மாற்றிக் கொள்வது பெரியவர் செய்த பிழையின் வேறொரு வடிவம்.

மீண்டும் கூடினால்?

பெரியவரின் கதைக்கு ஒரு மிச்சம் இருக்கிறது. நெற்றித் தையல் போட்ட அன்று, இரண்டாவது மாத்திரையைத் திருட்டுத்தனமாகப் போட்டு வந்ததை அவர் டாக்டரம்மாவிடம் ஒப்புக் கொண்டார். அவர் பட்ட சங்கடம் கொஞ்சமல்ல. ஆனால் அந்த உண்மையைச் சொல்லாமல் விட்டிருந்தால், ‘ஒன்றிலும் தலை சுற்றுகிறது’ என்று எண்ணி அதையும் நிறுத்தியிருப்பார்கள்! மருந்தின் அளவைத் தீர்மானிப்பவருக்கு நாம் கொடுக்கும் சாட்சியம் பொய்யானால், அவர் தீர்ப்பு எப்படி நீதியாகும்? உண்மை பேசுவதும் வைத்தியத்தில் பாதி.

அதன் பிறகு ஒன்றோடு கோடையையும் ஐப்பசியையும் கடந்தார். மார்கழிக் குளிரில் நோட்டில் 150க்கு மேற்பட்ட எண்கள் அடுத்தடுத்து வந்தன. குளிரில் குழாய்கள் சுருங்குவதால் அழுத்தம் ஏறுவது இயல்பு. டாக்டரம்மா இன்னும் அரை மாத்திரையைச் சேர்த்தார்கள். பெரியவர் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை, தோற்றுவிட்டதாக நினைத்தார். நாம் சென்று பார்த்தோம். இங்கிலாந்து ஆய்வில்கூட, குறைத்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு 12 வாரத்துக்குள் பழைய மருந்தைத் திரும்பத் தொடங்க வேண்டியதாயிற்று என்று எடுத்துச் சொன்னோம். பயணத்தில் கஸ்ராக இரண்டு ரக்அத் தொழுதவர் ஊர் திரும்பியதும் நான்கு தொழுகிறாரே, அது அவருக்குத் தோல்வியா? நிலை மாறியது, கடமையின் அளவும் மாறியது. இரண்டிலும் கீழ்ப்படிந்தவர் அவரே.

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். “குறைச்சப்போ பயந்தேன் ஹஜ்ரத், கூட்டினப்போ வெட்கப்பட்டேன். ரெண்டுமே தேவையில்லாத வேலை” என்று சொல்லிவிட்டு, நோட்டை எடுத்துக் காட்டினார். இப்போதும் காலையில் ஆற்றுப் பக்கம் நடக்கிறார். ஸஜ்தாவுக்குப் பின் சற்று அமர்ந்து எழுகிறார்.

லாரி ஓட்டிய சகோதரரின் வீட்டுக்கும் வாரம் ஒருமுறை போகிறோம். முதல் முறை போனபோது அவரிடம் மன்னிப்புக் கேட்டோம். நாக்குக் குழறியதால் அவரால் பதில் சொல்ல முடியவில்லை. இடக் கையால் நம் கையைப் பிடித்துக் கொண்டார். மறு வெள்ளிக்கிழமை, எந்த மிம்பரில் அந்த வார்த்தையைச் சொன்னோமோ அதே மிம்பரில் நின்று அதைத் திரும்பப் பெற்றோம். எழுதிக் கொடுத்தவர் சொல்லாமல் எவரும் மாத்திரையைக் குறைக்கவும் வேண்டாம், குறைத்ததைக் கூட்டவும் வேண்டாம் என்று சொன்னோம். இம்முறை கூட்டம் தலையசைக்கவில்லை. ஆனால் தொழுகை முடிந்ததும் நான்கைந்து பேர் வந்து, தாங்களாகவே நிறுத்தி வைத்திருக்கும் மாத்திரைகளைப் பற்றி மெல்லக் கேட்டார்கள். அத்தனை பேரையும் மருத்துவமனைக்கு அனுப்பி வைத்தோம்.

எல்லாப் பொருளையும் ஓர் அளவோடு படைத்த வல்ல நாயன், நம் உடலின் அளவை அறிந்து நடக்கும் பக்குவத்தையும், குறையும்போது ஷுக்ரையும் கூடும்போது ஸப்ரையும், பேசும்போது நாவுக்கு ஓர் அளவையும் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! நோயுற்ற நம் சகோதர சகோதரிகள் அனைவருக்கும் பூரண ஷிஃபாவை நல்குவானாக! ஆமீன், யாரப்பல் ஆலமீன்.